மெஷ் வைஃபை விட்டுவிட்டுப் போகிறதா? இடம் மாற்றுவதா, கேபிள் இழுப்பதா, புதுசு வாங்குவதா

"தம்பி, மூணு டப்பா போதலை போலிருக்கு. இன்னொண்ணு வாங்கி மாட்டிடட்டுமா?"

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அக்கா போன ஐப்பசியில் கேட்ட கேள்வி இது. டப்பா என்று அவள் சொல்வது மெஷ் வைஃபையின் நோடுகளை. மெயின் ரவுட்டரின் வைஃபையை வாங்கி மற்ற அறைகளுக்குக் கடத்த வீட்டில் அங்கங்கே வைக்கும் பெட்டிகள் அவை. அவள் இருப்பது தெருவிலிருந்து உள்ளே நீண்டுகொண்டே போகும் பழைய வாடகை வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக. உள்சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர். ஃபைபர் இணைப்பு ரேழியில் வந்து நிற்கிறது. கல்லூரியில் படிக்கும் பையனின் அறை பின்கட்டு மாடியில். அங்கே அவன் போனில் வைஃபை கோடுகள் முழுசாக இருக்கும். ஆனால் ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் முகம் நின்று நின்று போகும்.

நான் இருக்கும் கடலூர் மஞ்சக்குப்பத்திலும், தேவனாம்பட்டினம் பக்கம் வீடு கட்டிய நண்பர்களிடமும் இதே கதைதான். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இன்னொரு நோடு வாங்குவது. வேண்டாம் என்று நான் ஏன் சொல்கிறேன், பதிலாக என்னென்ன வழிகள் உண்டு, எது எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். போனில் தெரியும் கோடுகள் உங்கள் போனுக்கும் பக்கத்து நோடுக்கும் இடையிலான நிலையை மட்டுமே காட்டும். அந்த நோடு மெயின் ரவுட்டரோடு எப்படிப் பேசிக்கொண்டிருக்கிறது என்பது அதில் தெரியாது. பேக்ஹால் என்று சொல்கிற அந்தப் பின்பாதைதான் மெஷ்ஷின் முதுகெலும்பு. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அங்கேதான் குறை இருந்தது. அதைச் சரிசெய்யாமல் நோடு கூட்டினால், ஏற்கெனவே திணறும் பாதையில் இன்னொரு வண்டியையும் ஏற்றி விடுகிறோம்.

## எதை வைத்து எடை போடுவது

வேகத்தை முதல் அளவுகோலாக வைக்காதீர்கள். வீடியோ அழைப்புக்கு நாலு எம்பிபிஎஸ் (நொடிக்கு நாலு மெகாபிட்) வேகம் போதும், ஆனால் அந்த நாலும் அறுபடாமல் வர வேண்டும். ஸ்பீடு டெஸ்டில் 90 காட்டிவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று நொடி செத்துப்போகிற இணைப்பைவிட, எப்போதும் 20 தருகிற இணைப்பு மேல். ஆகவே நிலைத்தன்மைதான் முதலில்.

அடுத்து மொத்தச் செலவு. பெட்டியின் விலை அதில் ஒரு பகுதிதான். கேபிள், ஸ்விட்ச், ஆள் கூலி, சுவரைத் துளைத்த பிறகு பட்டி, பெயிண்ட், பேட்டரி பேக்கப் எல்லாம் சேரும்.

மூன்றாவது, வீடு யாருடையது, சுவர் எப்படிப்பட்டது என்பது. வாடகை வீட்டில் ட்ரில் போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் ட்ரில் வைத்தால் துளை ஓரம் பொலபொலவென உதிரும் என்பதால், சம்மதம் கிடைத்தாலும் யோசித்துத்தான் துளைக்க வேண்டும்.

நான்காவது கரண்ட். நம் கரையோர ஊர்களில் இதைத் தள்ளிவைக்க முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்ததையும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியதையும் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புயல் இல்லாத நாளிலும் ஈபி போவது உண்டு. வயர்லெஸ் மெஷ்ஷில் மூன்று நோடு என்றால் மூன்று இடத்தில் கரண்ட் வேண்டும். ஒன்று அணைந்தால் அதன் பின்னால் தொங்கும் நோடும் இணைப்பை இழக்கும்.

ஐந்தாவது உப்புக்காற்று, அது கேபிள் முனைகளை அரித்துவிடும். கடைசியாக, நீங்கள் வெளியூரில் இருக்கும்போது இதை யார் பார்த்துக்கொள்வது? அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீட்டில் "அந்த ஸ்விட்சை அணைச்சுப் போடுங்க" என்பதற்கு மேல் போனில் ஒன்றும் சொல்ல முடியாது.

## காசை எடுக்கும் முன் ஒரு மாலை நேரம்

கோளாறு வைஃபையிலா, வெளியிலிருந்து வரும் இணைப்பிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் பிரச்சினை வெளியே இருக்கிறது. இந்தக் கட்டுரையின் எந்த வழியும் அதற்கு உதவாது, கம்பெனிக்குப் புகார் செய்யுங்கள்.

விளக்குகள் சரியாக இருந்தால், ஒரு லேப்டாப்பைப் பிரச்சினை வரும் அறையில் வைத்து இரண்டு சாளரங்களில் பிங் ஓட விடுங்கள். ஒரு முகவரிக்குச் சின்னத் தகவல் அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளை அது. ஒன்று உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இன்னொன்று வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் முகவரியான 8.8.8.8க்கு. அறுபடும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து நின்றால் வைஃபைதான் குற்றவாளி. ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, வெளி முகவரி மட்டும் நின்றால் லைன் கோளாறு. அக்கா வீட்டில் ரவுட்டருக்கான பிங் சாதாரணமாக 4 மில்லிசெகண்ட். வகுப்பு நின்ற அந்த நொடிகளில் அது 900, 1,400 என்று ஏறி, பிறகு பதிலே இல்லாமல் போனது. வெளி லைன்மேல் தவறில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

அடுத்து சிக்னல் அளவு. ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஏதாவது போதும். ஐபோனில் ஏர்போர்ட் யூட்டிலிட்டி ஆப்பின் வைஃபை ஸ்கேனரை செட்டிங்ஸில் ஆன் செய்தால் தெரியும். அளவு டிபிஎம் என்ற அலகில், மைனஸ் எண்ணில் வரும், பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. பேச்சுக்கும் வீடியோவுக்கும் -67 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல அளவு வேண்டும். 10 டிபி இறங்கினால் சக்தி பத்தில் ஒன்றாகிவிடும். ஆகவே -65க்கும் -75க்கும் நடுவில் இருப்பது சின்ன வித்தியாசம் இல்லை.

இதையே நோடு இருக்கும் இடத்தில் நின்று, மெயின் ரவுட்டரின் சிக்னலுக்கும் அளந்து பாருங்கள். பல மெஷ் ஆப்களில் ஒவ்வொரு நோடும் எதோடு இணைந்திருக்கிறது, என்ன அளவில் என்பதும் தெரியும். எந்த முடிவு எடுத்தாலும் இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

## வழி 1: இருப்பதையே இடம் மாற்றிச் சரிசெய்வது

செலவு பூஜ்யம். எல்லா வீட்டிலும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, சிக்னல் செத்துப்போன அறையிலேயே நோடை வைப்பது. நோடுக்கும் காது வேண்டுமே! அது கேட்டால்தானே திருப்பிச் சொல்லும். மெயின் ரவுட்டரின் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில், கெட்ட அறைக்குப் போகும் பாதி வழியில் வைக்க வேண்டும். என் கணக்கு, நோடு நிற்கும் இடத்தில் மெயின் சிக்னல் -65ஐவிட மோசமாகக் கூடாது.

பழைய வீடுகளில் முற்றம் ஒரு வரம். முற்றத்தைப் பார்த்த மாதிரி, மழை படாத தாழ்வாரத்தில் நோடை வைத்தால் நாலு பக்கமும் சுவரில்லாமல் காற்றில் பாயும். கான்கிரீட் மாடி வீடுகளில் மாடிப்படித் திறப்புதான் அந்த வழி, கம்பி கட்டிய தளத்தைத் துளைத்துப் போவதைவிட அது எளிது. இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி இவற்றின் பின்னால் வைக்காதீர்கள். என் வீட்டில் மாடி நோடு பீரோவின் மேல், சுவர் ஓரத்தில் இருந்தது. அதை எடுத்து நாலடி தள்ளி மாடிப்படி திரும்பும் இடத்தில் அலமாரியில் வைத்ததில் -74 ஆக இருந்தது -61 ஆனது. ஒரு பைசா செலவில்லை.

நோடுகளை வரிசையாகக் கோர்க்காதீர்கள். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள சாதாரண இரண்டு பேண்ட் மெஷ்ஷில், உங்கள் போனோடு பேசும் அதே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோதான் மெயின் ரவுட்டரோடும் பேசுகிறது. ஒரே வாயால் கேட்டுச் சொல்ல வேண்டியிருப்பதால், ஒரு நோடிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறத்தாழ பாதியாகிறது. அக்கா வீட்டில் ரேழியில் 92, கூடத்தில் 43, பின்கட்டு மாடியில் 11 என்று இறங்கியது. நீளமான வீட்டில் நான்காவது டப்பா வைத்தால் அந்தச் சங்கிலி இன்னும் நீளும்.

அப்புறம் செட்டிங்ஸ். ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டியிலும் வைஃபை இருக்கும். மெஷ் போட்ட பிறகும் அதை அணைக்காமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் போன் எதில் ஒட்டிக்கொள்கிறது என்றே தெரியாது. கம்பெனிப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டு பெட்டியும் ரவுட்டர் வேலை செய்தால் இரட்டை நேட் ஆகிவிடும், அதாவது வீட்டுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நெட்வொர்க். பிரிண்டர் காணாமல் போவது, டிவிக்குப் படம் அனுப்ப முடியாமல் போவதெல்லாம் அதன் அடையாளம். ரவுட்டர் வேலையை ஒரே பெட்டி மட்டும் செய்யும்படி, கம்பெனிப் பெட்டியை இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடிலோ, மெஷ்ஷை வைஃபையை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்ட் மோடிலோ மாற்ற வேண்டும்.

சேனல் விஷயம் சுருக்கமாக. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 5 கிகாஹெர்ட்ஸில் இந்தியா 2018 அக்டோபரில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது, ஆக இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் 52 முதல் 144 வரையான சேனல்கள் ரேடாரோடு பங்கிட்டுக்கொள்பவை. ரேடார் மாதிரி எதையாவது கேட்டதாக ரவுட்டர் நினைத்தால் உடனே அந்தச் சேனலை விட்டு விலகும். போய்ச் சேரும் சேனலும் இதே கூட்டத்தில் இருந்தால் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் பேசும். காரணமே இல்லாமல் வீடு முழுக்க ஒரு நிமிடம் செத்து உயிர்பெறுகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். 36 அல்லது 149இல் நிறுத்திவைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. எந்த நோடைப் பிடிப்பது என்று முடிவு செய்வது போன்தான், ரவுட்டர் இல்லை. ஐபோன் -70 டிபிஎம்முக்குக் கீழே போனால்தான் வேறு நோடைத் தேடவே ஆரம்பிக்கும். ரவுட்டர் செட்டிங்ஸில் வரும் 802.11 கே, வி என்ற வசதிகள் அதற்கு வழிகாட்டும். நோடு மாறுவதை வேகமாக்கும் ஆர் என்பது மட்டும் சில பழைய கருவிகளுக்கு ஒத்துவராது. பழைய பிரிண்டரோ கேமராவோ மட்டும் அறுபட்டால் ஆர் வசதியை அணைத்துப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவு உங்கள் நேரம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாள் பார்த்து, குறித்துவைத்து, அடுத்ததற்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

## வழி 2: நோடுகளுக்குக் கேபிள் இழுப்பது

நிலைத்தன்மை என்ற அளவுகோலில் இதற்கு இணை இல்லை. பின்பாதை காற்றை விட்டுச் செம்புக் கம்பிக்கு மாறியதும், சுவரும் பக்கத்து வீட்டு வைஃபையும் அந்தப் பாதையைத் தொட முடியாது. நோடின் ரேடியோ முழுக்க உங்கள் போனுக்கே கிடைக்கும். கேட் 5இ, கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள் வகைகள் இரண்டுமே 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) தாங்கும். வீட்டுக்குள் அந்தத் தூரம் எங்கே வரப்போகிறது? எல்லா நோடுக்கும் இழுக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தொலைவில் இருக்கும் ஒன்றுக்கு மட்டும் இழுத்தாலே வீடு மாறிவிடும்.

கேபிளைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் அடிவாங்கினேன். மூன்று வருடம் முன்பு, மொட்டைமாடி ஓரமாக மாடி அறைக்குப் போட்டபோது மலிவாகக் கிடைத்ததை வாங்கிவிட்டேன். அது முழுச் செம்பு இல்லை, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. ஒரு மழைக்காலம் தாண்டியதும் மாடி நோடின் இணைப்பு வேகம் 1,000 என்று காட்டிய இடத்தில் 100 என்று காட்டியது. எங்கள் திட்டமே 100 என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நானும் அப்படியே விட்டேன். தை மாதத்தில் ஒரு நாள் முழுசாக நின்றது.

கேபிள் முனையில் இருக்கும் கிளிப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டுப் பின்களில் நாலாவதும் ஐந்தாவதும் பச்சை பூத்து, பொடியாக உதிர்ந்தன. பக்கத்தில் மூன்றாவதும் கறுக்க ஆரம்பித்திருந்தது. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100க்கு 1, 2, 3, 6 என்ற நாலு மட்டும் போதும். அந்த 100 என்ற எண்ணே கம்பி சாகத் தொடங்கியதற்கான அறிவிப்பு. கேபிள் போட்ட வீட்டில் மாதம் ஒருமுறை அந்த எண்ணை மட்டும் பாருங்கள்.

ஆகவே முழுச் செம்பு என்று அச்சிட்டதாக வாங்குங்கள். சில்லறையில் மீட்டருக்கு ஏறத்தாழ 20 முதல் 40 ரூபாய். வெளியே போகும் பகுதிக்கு வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை கொண்ட வெளிப்புறக் கேபிள் வேண்டும். கிளிப்பை ஒருபோதும் வெளிக்காற்றில் விடாதீர்கள், இரண்டு முனையும் அறைக்குள் முடியட்டும். சுவருக்குள் நுழையும் இடத்தில் கேபிள் கொஞ்சம் கீழே வளைந்து பிறகு மேலேறி உள்ளே போகட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது. ஈபி வயர் போகும் அதே பைப்பில் போட எலக்ட்ரீஷியன் சொன்னால் மறுத்துவிடுங்கள், அது ஆபத்து.

வேறு செலவுகளும் ஒளிந்திருக்கின்றன. சில சின்ன நோடுகளில் கேபிளைச் சொருகும் லான் போர்ட்டே கிடையாது. சிலவற்றில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான். கேபிள் இழுக்கும் முன் நோடைத் திருப்பிப் பாருங்கள், கம்பி வழிப் பேக்ஹாலை அந்த மாடல் ஏற்குமா என்றும் பாருங்கள். ஏற்காத நோடில் கம்பியையும் சொருகி வயர்லெஸ்ஸையும் விட்டால், தகவல் இரண்டு பாதையிலும் வட்டமடித்து வீட்டு நெட்வொர்க் முழுக்க உறைந்துவிடும்.

தோட்டத்துக்கு அந்தப்பக்கம் தனிக் கட்டடம் இருந்தால் அங்கே செம்புக் கேபிள் வேண்டாம். இடி மின்னல் காலத்தில் அந்தக் கம்பி வழியே மின்பாய்ச்சல் வந்து இரண்டு பக்கப் பெட்டியும் போகலாம். ஃபைபர் கேபிளும், இரண்டு முனையில் அதைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டரும் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

இந்த வழி யாருக்கு? சொந்த வீட்டுக்காரர்களுக்கும், பெயிண்ட் அடிக்கப்போகிறவர்களுக்கும், வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களுக்கும்.

## வழி 3: மூன்று பேண்ட் மெஷ் வாங்குவது

கேபிளுக்கு வழியே இல்லாத வீட்டில் இதுதான் அடுத்தது. மூன்று பேண்ட் மெஷ்ஷில் நோடுகள் தங்களுக்குள் பேசத் தனி ரேடியோ உண்டு. கேட்பதும் சொல்வதும் ஒரே வாயால் என்ற சிக்கல் தீர்வதால் தாவலுக்குத் தாவல் வேகம் பாதியாகும் தொல்லை குறையும்.

ஆனால் தனி ரேடியோ வைத்ததால் சுவர் மெலியாது. ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவருக்கு முன் அதுவும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைதான். 6 கிகாஹெர்ட்ஸ் பேக்ஹால் என்று விளம்பரத்தில் வருவது சுவரை அதைவிடக் குறைவாகவே தாண்டும். நோடு நிற்கும் இடத்தில் மெயின் சிக்னல் -75 என்றால் எவ்வளவு விலை கொடுத்தாலும் அங்கே திணறும். வாங்கினாலும் வழி 1ஐச் செய்துதான் ஆக வேண்டும்.

செலவு நல்ல செட்டுக்கு 20,000 ரூபாய் தாண்டும். பழைய நோடுகளைப் பெரும்பாலும் இதோடு சேர்க்க முடியாது. வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகளை இணைக்க ஈஸிமெஷ் என்ற பொதுத் தரம் இருந்தாலும் எல்லா மாடலும் அதை ஏற்பதில்லை. சில மாடல்களின் அடாப்டர் பெரிது, கரண்ட் போனால் சின்ன டிசி யுபிஎஸ் தாங்காது. அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பதினைந்து இருபது கருவி இருக்கும் வாடகை அடுக்குமாடி வீட்டுக்கும், சுவர் மெல்லியதாக நீளம் மட்டும் அதிகமாக இருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும். 50, 100 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருப்பவர்கள் இவ்வளவு கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி 4: மெஷ்ஷை விட்டு, ரவுட்டரும் ஆக்சஸ் பாயிண்டும்

கேபிள் இழுக்கத் தயார் என்றால் மெஷ்ஷே தேவையா என்ற கேள்வி நியாயமானது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரையே ஆக்சஸ் பாயிண்டாக மாற்றலாம். கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையான டிஎச்சிபியை அணைத்து, அந்த ரவுட்டரின் முகவரியை மாற்றி, கேபிளை லான் போர்ட்டில் சொருக வேண்டும். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் பாதி போன்களுக்கு மட்டும் நெட் வராது, ஏன் என்று கண்டுபிடிப்பதற்குள் நாளே போய்விடும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு இதன் இன்னொரு வடிவத்தைத்தான் மனதாரச் சொல்வேன். கூரையில் மாட்டும் ஆக்சஸ் பாயிண்ட், பிஓஇ முறையில். ஒரே கேபிளில் இணையமும் கரண்டும் போகும். மாடியிலும் கூடத்திலும் தனித்தனி பிளக், தனித்தனி அடாப்டர் எதுவும் வேண்டாம். பிஓஇ ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் போட்டால், ஈபி போனாலும் வீடு முழுக்க வைஃபை நிற்காது. புயல் காலத்தில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

குறை என்ன? பழைய ரவுட்டரை வைத்துச் செய்தால் அறைக்கு அறை நடக்கும்போது மாற்றம் அவ்வளவு மென்மையாக இருக்காது, ஒரு நொடி தடுக்கும். ஒவ்வொரு பெட்டியையும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பா அம்மா மட்டும் இருக்கும் வீட்டில், நீங்கள் வெளியூரிலிருந்தே ஆப்பில் பார்க்கக்கூடிய மெஷ்தான் வசதி.

## வழி 5: கரண்ட் வயர் வழியாக

பவர்லைன் அடாப்டர் என்று ஒன்று உண்டு, வீட்டு மின்வயரிலேயே தகவலை அனுப்பும். நம் பக்கத்தில் பல வீடுகளில் மூன்று ஃபேஸ் இணைப்பு. இரண்டு அடாப்டரும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் சரியாக வேலை செய்யாது. ஒன்று இன்வெர்ட்டர் லைனிலும் மற்றது நேர் லைனிலும் இருந்தாலும் தகராறுதான். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று சொன்னால் மட்டும் முயன்று பாருங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | இடம் மாற்றுதல் | கேபிள் பேக்ஹால் | மூன்று பேண்ட் மெஷ் | ஆக்சஸ் பாயிண்ட் |
|---|---|---|---|---|
| நிலைத்தன்மை | வீட்டைப் பொறுத்தது | மிக நன்று | நன்று, சுவர் மெல்லியதானால் | மிக நன்று |
| செலவு | இல்லை | கேபிள், கூலி | 20,000க்கு மேல் | பழைய ரவுட்டரானால் குறைவு, பிஓஇ ஆனால் நடுத்தரம் |
| மறைந்த செலவு | உங்கள் நேரம் | பட்டி, பெயிண்ட், கிளிப் பராமரிப்பு | பழைய செட் வீண், பெரிய யுபிஎஸ் | தனித்தனியாகப் பராமரிக்கும் உழைப்பு |
| கரண்ட் போனால் | ஒவ்வொரு நோடுக்கும் பேக்கப் | ஒவ்வொரு நோடுக்கும் பேக்கப் | ஒவ்வொரு நோடுக்கும் பேக்கப் | பிஓஇ ஆனால் ஒரே இடத்தில் போதும் |
| உப்புக்காற்று | பாதிப்பு குறைவு | கிளிப் வெளியே இருந்தால் ஆபத்து | பாதிப்பு குறைவு | கிளிப் வெளியே இருந்தால் ஆபத்து |
| வாடகை வீடு | ஏற்றது | வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும் | ஏற்றது | வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும் |

கரண்ட் பற்றி அட்டவணைக்குள் அடங்காத ஒன்று. ஈபி போய்த் திரும்பும்போது எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் எழுகின்றன. ஃபைபர் பெட்டி லைனைப் பிடிக்கும் முன்பே நோடு தேட ஆரம்பித்து, கிடைக்காமல், தப்பான பாதையில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கரண்ட் வந்த பிறகு மட்டும் தகராறு என்றால் புதுப் பெட்டி எதுவும் வாங்காதீர்கள். ஃபைபர் பெட்டிக்கும் மெயின் ரவுட்டருக்கும் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கும் டிசி யுபிஎஸ் போடுங்கள். அவை அணையாமல் இருந்தால் நோடுகள் எழுந்ததும் சரியான இடத்தில் போய்ச் சேரும்.

## எந்த வீட்டுக்கு எது

புதுச்சேரியில் லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் மாதிரி இடங்களில் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு என்றால் வழி 1 போதும். சொல்லப்போனால் இரண்டு நோடே அதிகம். மூன்று இருந்தால் ஒன்றை அணைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் பக்கத்து இரண்டு மூன்று மாடிச் சொந்த வீடுகளுக்கு மாடிப்படி ஓரமாக ஒரே ஒரு கேபிள். கான்கிரீட் தளத்தை வைஃபை தாண்ட வைக்கச் செலவழிக்கும் பணம் எல்லாம் அந்தக் கேபிளுக்கு முன் நிற்காது.

கடலை ஒட்டிய வீட்டுக்கும் கேபிள்தான், ஆனால் முழுவதும் உள்ளே. மொட்டைமாடி வழி கிட்டமாக இருக்கிறது என்று என்னைப் போல் இறங்காதீர்கள். அஸ்திவாரம் போடும் நிலையில் இருப்பவர்கள் தளத்துக்கு ஒரு காலிப் பைப் விட்டுவையுங்கள், பிஓஇ பிறகு எப்போது வேண்டுமானாலும் வரும்.

அக்கா வீட்டுக்கு முதலில் வழி 1 செய்தோம். கம்பெனிப் பெட்டியின் வைஃபையை அணைத்து, கூடத்து நோடை முற்றத்துத் தாழ்வாரத்துக்கு மாற்றியதில் பாதி தீர்ந்தது. பின்கட்டு மாடி மட்டும் மசியவில்லை, நடுவில் இரண்டு தடித்த சுவர். வீட்டுக்காரர் ட்ரில்லுக்குச் சம்மதிக்கவில்லை. அவர் பயம் நியாயம்தான், அந்தச் சுவர்களைத் திரும்பப் பூசச் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். கடைசியில் கதவு நிலைக்கு மேலே பழைய டிவி கேபிள் போயிருந்த துளை ஒன்றை அக்காவே காட்டினாள். அதன் வழியாக 26 மீட்டர் கேபிள், உத்தர ஓரமாகக் காப்புப் பட்டிக்குள் ஓடுகிறது. ஆணி அடித்த இடம் எல்லாம் மரம்தான், சுவரைத் தொடவில்லை.

பின்கட்டு மாடியில் இப்போது 90 வருகிறது, ரவுட்டருக்கான பிங் 2 மில்லிசெகண்டைத் தாண்டுவதில்லை. மூன்றாவது நோடு தேவைப்படவில்லை, அதை எங்கள் அம்மாவின் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். கேபிளின் பின்கட்டு முனை ஜன்னல் பக்கமாக இருப்பது மட்டும் எனக்கு உறுத்தல். அடைமழை தொடங்கும் முன், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்தக் கிளிப்பைப் புதுசாக அடித்து, அறைக்குள் இரண்டடி தள்ளி மாட்டிவிட்டு வருவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.